நாய்க்கு பிஸ்கட் போடாதீங்க, சார்!

நாய்க்குட்டி வந்த வீடுகளில் முதல் வாரம் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? குட்டிக்குப் பெயர் வைப்பதற்குள் தெருமுனைக் கடையிலிருந்து குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் வந்துவிடும். உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட். அழுதால் ஒரு பிஸ்கட். எதிர்வீட்டு மாமி பார்க்க வந்தால் மாமி கையால் ஒன்று. சும்மா படுத்திருந்தால், ‘அச்சச்சோ, சமர்த்தா இருக்கே’ என்று இன்னொன்று. நாய் என்றால் பிஸ்கட் என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட இலக்கண விதி. அதை எழுதியது நிச்சயமாக நாய் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 3 கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 450 கலோரி. பழக்குவதற்குக் கொடுக்கும் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்கிற பொது அளவு. ஆக, 45 கலோரி. 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் சுமார் 450 கலோரி இருக்கிறது. ஐந்து கிராம் பிஸ்கட் இரண்டு போட்டால் அன்றைய கோட்டா காலி! ஆனால், ‘உட்கார்’, ‘வா’ என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்ள ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவையாவது செய்து பார்க்க வேண்டும். நாற்பது பிஸ்கட் போட்டால் பாடம் ஏறாது, தொப்பைதான் ஏறும்.

சரி, மாதுளை நிறத்திலும் பச்சை நிறத்திலும் எலும்பு வடிவத்தில் விற்கிறார்களே, அதை வாங்கலாமே என்பீர்கள். நாய்க்கு சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் தெரியும். அந்த நிறமும் எலும்பு ஷேப்பும் பர்ஸ் வைத்திருக்கும் பிராணிக்காகப் போட்டது. நாக்கிலும் நம்மைவிட ருசி மொட்டுகள் ரொம்பக் குறைவு. அதற்கு எல்லாமே மூக்கு. பளபள பாக்கெட் என்பதாலேயே பத்திரம் என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2007-லிருந்து இறைச்சி வற்றல் மாதிரியான ‘ஜெர்க்கி’ தீனிகளைத் தின்று நோய்ப்பட்டதாக ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகச் சொன்னார்கள். அரசாங்கமே வருடக்கணக்கில் ஆராய்ந்தும் காரணத்தை உறுதியாகப் பிடிக்க முடியவில்லை.

என்னதான் கொடுப்பது? தோல், எலும்பு இல்லாமல், உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழிக்கறி. இருபது கிராம் போதும். பட்டாணியைவிடச் சின்னதாகக் கிள்ளினால் நாற்பது துண்டு வரும். மொத்தமே 35 கலோரிக்குள். வாசனை தூக்கும், மெல்லவே வேண்டாம், லபக்கென்று விழுங்கிவிட்டு ‘அடுத்து?’ என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் சார், பயிற்சியே! கோழி ஈரலுக்கு இன்னும் மவுசு ஜாஸ்தி. ஆனால், வைட்டமின் ‘ஏ’ அதிகம் என்பதால் எப்போதாவது கொஞ்சம். ‘நாங்க சுத்த சைவமாச்சே’ என்கிறீர்களா? உப்பில்லாத பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட். வீட்டுக்குள் கேரட் எடுபடும். தெருவில் பூனை குறுக்கே போகும்போது எடுபடாது. அங்கே பனீர்தான்.

கொடுக்கவே கூடாதவை நம் சமையலறையிலேயே இருக்கின்றன. சாக்லேட் ஆகாது என்று பலருக்குத் தெரியும். பாயசத்திலும் கேசரியிலும் மிதக்கிற உலர் திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும் என்பது தெரியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் வில்லனாக இருக்கக்கூடும் என்று 2021-ல் அமெரிக்க மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். அதே அமிலம் எதில் ஏராளம் தெரியுமா? நம் புளியில். சாம்பார் சாதம் போடுகிறவர்கள் கவனிக்க. அதில் வெங்காயம் வேறு. அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிடால் இன்னும் மோசம். ரத்தத்தில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

‘தின்னக் கொடுத்துப் பழக்குவது லஞ்சம் இல்லையா? ரெண்டு போட்டாத்தான் சார் படியும்’ என்று ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். காரியம் நடக்கும் முன்பே காட்டினால் லஞ்சம். நடந்தபின் கொடுத்தால் சம்பளம். இந்த வித்தியாசம் நம் ஊரில் யாருக்கும் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. சம்பளத்தையும் நேரத்தோடு தரவேண்டும், ஒரு விநாடிக்குள். நீங்கள் உள்ளே போய் டப்பாவைத் தேடி எடுத்து வருவதற்குள் குட்டி எழுந்து உங்கள் செருப்பைக் கடிக்க ஆரம்பித்திருக்கும். அப்போது கொடுத்தால் செருப்பைக் கடித்ததற்குத்தான் கூலி. பாடம் பிடிபட்டபின் சில தடவை கொடுங்கள், சில தடவை தடவிக்கொடுத்து விட்டுவிடுங்கள். அப்போதுதான் விடாமல் முயற்சி செய்யும். எலிகளையும் புறாக்களையும் வைத்து ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தது இது. லாட்டரிச் சீட்டு விற்றவர்களுக்கு அவர் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பேப்பரைச் சுருட்டி அடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரைதான் குட்டி இந்த உலகத்தை நம்பலாமா, கூடாதா என்று முடிவு செய்கிற காலம். குழந்தைகள், ஆட்டோ சத்தம், குக்கர் விசில், ஊசி போடும் டாக்டர் எல்லாமே அந்தச் சின்னக் கோழித் துண்டோடு அறிமுகமாக வேண்டும். அப்போது அடி வாங்கிய குட்டி கையைக் கண்டால் பயப்படும். பயந்த நாய் கடிக்கும். கடித்த நாயை ராத்திரியில் காரில் ஏற்றிப்போய் எங்கேயோ இறக்கிவிட்டு, ‘கயிறை அத்துக்கிட்டு ஓடிப்போச்சு’ என்று குழந்தைகளிடம் சொல்லுகிற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன.

நாளைக் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்த நாற்பது துண்டைப் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். பாட்டி பிய்த்துப் போடுகிற தோசை ஓரமும் இந்தக் கணக்கில்தான் வரும். அதைப் பாட்டியிடம் யார் சொல்வது என்பதை மட்டும் உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.