நாணலை வெட்டுமுன் ஒரு கேள்வி



கடலூர்ச் செம்மண்டலத்திற்கு வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். 2015 நவம்பரிலும், ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பரிலும் வெள்ளத்தால் பட்ட பாட்டைக் கடலூர் மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் ஒரு குரல் எழும்: "ஆற்றிலுள்ள செடிகொடிகளை அடியோடு அழியுங்கள், தண்ணீர் தடையின்றி ஓடட்டும்!" இதில் பாதிதான் உண்மை. மறுபாதியை மறப்பது ஆபத்து என்பது என் கருத்து.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889இல் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். வாய்க்காலின் சொரசொரப்பு கூடக்கூட நீரின் வேகம் குறையும் என்பது அதன் சாரம். சுத்தமான மண் வாய்க்காலின் சொரசொரப்பு எண் ஏறத்தாழ 0.025. செடிகள் அடர்ந்துவிட்டால் அது 0.1 வரை ஏறக்கூடும். அதாவது, அதே ஆழத்திலும் சரிவிலும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். வரும் நீர் வெளியேற வழியின்றி மட்டம் உயரும். எனவே ஆகாயத்தாமரையையும், ஆற்றின் நடுவே முளைத்த சீமைக்கருவேலத்தையும் அகற்றத்தான் வேண்டும்.

இனி மறுபாதி. 1883இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். மெதுவாக ஓடியபோது சாயம் நூல்போல் நேராகச் சென்றது; வேகம் கூடியதும் சிதறிக் கலந்தது. பின்னதே சுழற்சி ஓட்டம். ஒரு மீட்டர் ஆழத்தில், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றின் ரெனால்ட்ஸ் எண் சுமார் 5 இலட்சம்! சுழற்சி ஓட்டத்திற்குச் சில ஆயிரமே போதும். ஆகவே, அமைதியாகத் தோன்றும் ஆறும் உள்ளே சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.

இந்தச் சுழல்கள் மணலைக் கிளப்புகின்றன. கிளம்பிய மணல் படுகையில் மேடு பள்ளமாகப் படிகிறது. அம்மேடுகளே புதிய சுழல்களை உண்டாக்குகின்றன. நீர் மணலை வடிக்கிறது. மணல் நீரை வடிக்கிறது.

செடிகள் என்ன செய்கின்றன? நெருக்கமான நாணலும் கோரையும் நீரின் வேகத்தைத் தணிப்பதால் வண்டல் படிகிறது; வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் தண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால், ஒவ்வொன்றின் பின்னும் சுழல் எழுந்து அடிமண்ணைக் கிளறும். ஆய்வுக்கூடச் சோதனைகள் இதைக் காட்டியுள்ளன. அரைகுறையாக வெட்டுவதிலும் தீங்கு உண்டு என்பது புரிகிறதல்லவா?

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திற்குச் சென்றிருக்கிறீர்களா? வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுரபுன்னையின் ஊன்று வேர்கள் நீரைத் தணித்துச் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. 2004 ஆழிப்பேரலையின்போது கடலூர்க் கரையோரத்தில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஓர் ஆய்வு கூறியது. நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முக்கியக் காரணம் என்று வேறு சிலர் வாதிட்டனர். அறிவியல் இப்படித்தான் கேள்வி கேட்டு வளர்கிறது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு தட்டில் மணலைப் பரப்பிச் சற்றே சாய்த்து வையுங்கள். ஒரு பக்கம் ஈர்க்குக் குச்சிகளை நெருக்கமாகவும், மறுபக்கம் தள்ளித் தள்ளியும் நட்டு, நீரை மெல்ல ஊற்றுங்கள். எங்கே மணல் அரிக்கிறது, எங்கே தங்குகிறது?

ஆற்றின் நடுவழியைத் திறந்து விடுவோம். கரையின் நாணலைக் காப்போம். வெட்டுக்கத்தியை எடுக்குமுன், 'இந்தச் செடி எங்கே நிற்கிறது, எதைப் பிடித்து நிற்கிறது?' என்று கேட்போம். நாளைக்குப் பொறியாளராகவும் ஊராட்சி உறுப்பினராகவும் வரப்போகும் நீங்கள், இந்தக் கேள்வியை இன்றே கேட்கப் பழகுங்கள்!