‘யார்கிட்ட இருக்கப் போற?’: பிரியும் பெற்றோரின் சமரசப் பேச்சில் குழந்தைக்கு இடம் இருக்கா?

பிரிவது என்று முடிவாகிவிட்டது. சமரச மையத்தின் ஓர் அறையில் கணவன், மனைவி, நடுவில் மத்தியஸ்தர். ஜீவனாம்சம் எவ்வளவு, ஃப்ளாட் இஎம்ஐயை யார் கட்டுவது, நகை யாருக்கு என்று வரிசையாகப் பேசுகிறார்கள். கடைசியில், சனி, ஞாயிறு குழந்தை யாரோடு? அதையும் பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். அந்த சனி, ஞாயிறை வாழப்போகிற பத்து வயதுக் குழந்தையிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்கணுமா? கேட்டால் எப்படிக் கேட்பது? குழந்தை சொன்னதை யாரிடம் சொல்லலாம்? பார்க்கச் சின்னக் கேள்விகள்தான். உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்பதில் இன்றும் கைகொடுப்பது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். விவரமாக யோசித்து விருப்பம் சொல்லும் வயது குழந்தைக்கு வந்திருந்தால், அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது அதன் 17ஆவது பிரிவு. கவனிங்க, ‘கொள்ளலாம்’தான், ‘கொள்ள வேண்டும்’ இல்லை. எந்த வயது என்றும் அது சொல்லவில்லை. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை இன்னும் தெளிவாகப் பேசுகிறது: தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு.

நடைமுறையில், நீதிபதிகள் குழந்தையைத் தங்கள் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவது உண்டு. 2008இல் வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அம்மா இறந்துவிட்டார், அந்தச் சாவு தொடர்பான வழக்கில் அப்பாவே குற்றம் சாட்டப்பட்டவர். பையன் அம்மா வழித் தாத்தா, பாட்டியிடம் வளர்கிறான். அப்பாவிடம் அனுப்பச் சொன்ன கீழ் நீதிமன்றங்கள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் கூப்பிட்டுக் கேட்டது. போக மாட்டேன் என்றான். தீர்ப்பு மாறியது.

ஆனால் அது சண்டையெல்லாம் முற்றிய பிறகு கேட்பது. சமரசம் அதற்கு முந்தைய கட்டம். சமரசத்துக்கு முயற்சி செய்வதைக் குடும்பநல நீதிமன்றங்களின் கடமையாகவே 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கியிருக்கிறது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் நாட்டுக்கே முன்னோடி, 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்டதுதான். மையம் வந்துவிட்டது, உள்ளே குழந்தைக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்பது இன்னும் அந்தந்த மத்தியஸ்தர், அந்தந்த நீதிபதியின் மனசைப் பொறுத்தது.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், குடும்ப சமரசத்தில் பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்குப் பேச ஒரு வாய்ப்பு தரப்பட வேண்டும் என்பது மத்தியஸ்தர்களுக்கான நடைமுறை விதி. வாய்ப்புதான், கட்டாயம் இல்லை. பெற்றோர் இருவரும் சம்மதிக்கணும், பிள்ளையும் சம்மதிக்கணும். தனிப் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் பிள்ளையைத் தனியாகச் சந்திப்பார். ‘இதை அப்பா, அம்மாகிட்ட சொல்லலாமா?’ என்று கேட்டு, சரி என்றதை மட்டும் வெளியே கொண்டுபோவார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியம் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் மனநல நிபுணர் ஜென் மெக்கின்டாஷ் குழு இதை ஒப்பிட்டே பார்த்தது. ஒரு தரப்பில் குழந்தையின் நலனைப் பற்றிப் பெற்றோரிடம் மட்டும் பேசினார்கள். இன்னொரு தரப்பில் ஒரு நிபுணர் குழந்தையையே சந்தித்து, அது சொன்னதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னார். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தை பேசிய குடும்பங்களில் ஒப்பந்தங்கள் கூடுதலாக நிலைத்தன. அப்பாக்களோடு பிள்ளைகளின் நெருக்கமும் கூடியிருந்தது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னால் எரிச்சல் வரும் அதே விஷயம், சொந்த மகள் சொன்னதாக வந்தால் காதில் ஏறும்.

சொன்னது ரகசியமா?

சிக்கல் இங்கேதான். சமரசத்தின் உயிரே ரகசியம். உள்ளே பேசியது கோர்ட்டுக்குப் போகாது என்ற தைரியத்தில்தான் பெரியவர்கள் வாய் திறக்கிறார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பிய ஒரு வழக்கில், கவுன்சலர் ஒருவர் குழந்தையோடு பேசி அறிக்கை தந்தார். சமரசம் தோற்றது. அந்த அறிக்கையைக் கோர்ட்டில் காட்டலாம் என்றார் அப்பா. ரகசியம் மீறப்படுகிறது என்றார் அம்மா. உயர் நீதிமன்றம் முதலில் அறிக்கையை ஏற்று, பிறகு மறுஆய்வில் அது செல்லாது என்றது.

2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. குழந்தையின் நலன் சம்பந்தப்பட்ட வழக்குகளில் இப்படிப்பட்ட அறிக்கைகள் ரகசிய விதிக்கு விலக்கு என்றது. நீதிபதிக்கு முழு விவரமும் தெரிய வேண்டும் என்ற கோணத்தில் நியாயமான தீர்ப்புதான். குழந்தையின் கோணத்தில்? மனசு திறந்து பேசியது ஒருநாள் அப்பாவின் வக்கீல் கையிலோ அம்மாவின் வக்கீல் கையிலோ இருக்கலாம். ‘யாருக்கும் சொல்ல மாட்டேன் கண்ணு’ என்று இனி எந்தக் கவுன்சலரும் முழு மனசோடு சொல்ல முடியாது.

சொல்லிக்கொடுத்துப் பேசினால்?

எல்லாரும் கேட்கும் கேள்வி. யாரோடு இருக்கிறதோ, குழந்தை அவர் பக்கமே பேசும் என்ற பயம் பொய்யில்லை. ஒரு பெற்றோர் இன்னொருவருக்கு எதிராகப் பிள்ளையின் மனசைத் திருப்பும் போக்கை உச்ச நீதிமன்றமே 2017இல் பேசியிருக்கிறது. அதே நீதிமன்றம் 2024இல், உரிய ஆதாரம் இல்லாமல் அவசரப்பட்டு அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்றும் சொன்னது. அந்த வழக்கில் பிள்ளைகள் அப்பாவோடு இருப்பதாகத் தெளிவாகச் சொன்னார்கள், அப்படியே ஆனது.

நிறைய பேர் தவறவிடுவது கேள்வியைத்தான். ‘அப்பாவா, அம்மாவா?’ என்பது குழந்தையிடம் கேட்கவே கூடாத கேள்வி. எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம். பயிற்சி பெற்றவர்கள் அதைத் தொடுவதே இல்லை. ஸ்கூல் மாறினா பரவாயில்லையா? அப்பா வீட்டுல தூங்கும்போது எது இருந்தா நல்லா இருக்கும்? பாட்டியை எப்போ பார்க்கணும்? ரெண்டு பேரும் எதைப் பேசாம இருந்தா நிம்மதி?

இப்படிக் கேட்க ஒரு தனி அறை, பயிற்சி பெற்ற ஒருவர், அரை மணி நேரம் வேண்டும். அதோடு, பேச்சைத் தொடங்கும் முன்பே குழந்தைக்கு உண்மையைச் சொல்லணும்: இங்கே சொல்வதில் எது வெளியே போகும், எது போகாது, முடிவெடுப்பது உன் வேலை இல்லை, பேசப் பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்.