தணிக்கைக் கட்டணத்தையாவது அரசு ஏற்கட்டும்



மந்தக் காலத்தை விமான உதிரிபாகத் தொழில் சமாளித்த விதம் பற்றிய தங்கள் கட்டுரையுடன் பெரிதும் உடன்படுகிறேன். ஆனால், சிறு பட்டறைகள் வேறு ஆர்டர்களுக்கு மாறிக்கொண்டதாக ஒரே வரியில் கடந்திருப்பது சரியல்ல.

2020 ஏப்ரலில் ஏர்பஸ், ஏ320 ரக விமானங்களின் மாத உற்பத்தியை 60-லிருந்து 40 ஆகக் குறைத்தது. போயிங் 737 மேக்ஸ் உற்பத்தி ஜனவரியிலேயே நின்றிருந்தது. அந்த அடி கோவை கணபதியில் நான் நடத்தும் பட்டறை வரை வந்தது. எங்களிடம் பாகம் வாங்கும் நிறுவனம் ஆர்டரைப் பாதியாக்கியது. அனுப்பிய சரக்குக்கும் பணம் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. பம்புசெட் பாகங்களைக் கடைந்துதான் சம்பளம் கொடுத்தோம். அதே சி.என்.சி. மெஷின்தான், வருமானம் அதுவல்ல. ஆர்டர் இல்லாவிட்டாலும் ஏ.எஸ். 9100 தரச்சான்றுக்கான ஆண்டுத் தணிக்கையும் அளவுக்கருவிகளின் காலிபிரேஷனும் நிற்காது. அவற்றை விட்டுவிட்டால், சந்தை திரும்பும்போது உள்ளே நுழைய முடியாது. டைட்டானியம் கடையும் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டதைச் சொல்லிவிடும் ஆபரேட்டர் ஒருவர் அப்போது ஊருக்குப் போனார், திரும்பவே இல்லை. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அமைக்கும் மத்திய, மாநில அரசுகள், மந்த ஆண்டுகளில் தணிக்கைக் கட்டணத்தையும் தேர்ந்த தொழிலாளர் ஊதியத்தில் ஒரு பகுதியையும் ஏற்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரச் சொல்லும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரிய நிறுவனங்களிடம் கறாராக அமல்படுத்த வேண்டும்.

- ஒரு பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை