கருணாபுரத்து இளைஞர்களின் மின்தொழிற்கல்வி: குறுகிய காலப் பயிற்சி ஈடாகாது

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததை அடுத்து, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்கள் மிகுந்த அப்பகுதியில், இவ்வறிவிப்பு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகளையும் தழுவியதாகவே நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்பதும், மின்பணியாளர் கல்வி மறுவாழ்வின் பெயரால் சில வாரப் பயிற்சியாகச் சுருக்கப்படக் கூடாது என்பதும் இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

இத்தொழிலுக்குள் நுழைய முறையான கல்வி வழிகள் இரண்டு உள்ளன. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவை இரண்டு ஆண்டுகள் படிக்கலாம். அல்லது பாலிடெக்னிக்கில் மின், மின்னணுப் பொறியியல் பட்டயத்தை மூன்று ஆண்டுகள் படிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இடமுண்டு என்பதால், முதல் வழி இரண்டாவதற்குப் படிக்கட்டாகவும் அமைகிறது. வீட்டில் சம்பாதிப்பவரை இழந்த குடும்பத்துக்கு, பயிற்சிக் கட்டணமின்மையும் மாத உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் கொண்ட அரசு ஐ.டி.ஐ.யே நடைமுறைக்கு உகந்தது.

குழாயில் கம்பி இழுக்கவும் சுவிட்சுப் பெட்டி பொருத்தவும் ஒருவர் கட்டடத்தில் கையாளாக நின்றே கற்றுக்கொள்ளலாம். அதை இவ்வமைப்பு குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இடப்படுவதன் காரணத்தை, சுமையையும் மின்னோட்டத்தையும் கணக்கிடத் தெரிந்தவரே அறிவார். 'எர்த்' எனப்படும் நில இணைப்பு, கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதற்கு எளிய பாதை தந்து, ஃபியூஸ் போகவோ பிரேக்கர் விழவோ செய்கிறது. ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு மின்துண்டிப்பான், ஃபேஸில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. தகரக் கூரையும் ஈரச் சுவரும் கொண்ட வீடுகளுக்கே இவை மிகவும் தேவை. அங்கேதான் செலவு கருதி முதலில் கைவிடப்படுவதும் இவையே. நாற்பது நாள் வகுப்பில் இவற்றின் பெயர்களைச் சொல்லித் தரலாம். பழுதை அளந்து கண்டுபிடிக்கும் பழக்கம் பணிமனையில் மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பதால் மட்டுமே படிகிறது.

சட்டமும் பயிற்சியை மட்டும் ஏற்பதில்லை. மின்னமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாக, தகுதிச் சான்றுடைய மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அச்சான்றுகளை மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. படிப்பு முடிந்து சான்று பெறாதவர் பிறருடைய உரிமத்தின் நிழலில் கூலிக்கு உழைப்பவராகவே நின்றுவிடுகிறார். ஆகவே, 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படியான தொழில்பழகுநர் பயிற்சியும் சான்றுக்கான விண்ணப்ப உதவியும் படிப்பின் தொடர்ச்சியாகவே அளிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே இவ்வேலையில் ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருப்பதால், அவர்களுக்கான மாலை வகுப்பு கள்ளக்குறிச்சியிலேயே நடைபெறுவது அவசியம். பகல் கூலியை விட்டுவிட்டு அவர்கள் படிக்க வருவார்கள் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ள கல்வராயன் மலையின் நிலை வேறு. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் பெற்றோர் வேலை தேடிச் செல்லும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள், வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் நாள்தோறும் மலையிறங்கிப் படிப்பது கடினம் என்பதால், அங்கு விடுதியே முதல் தேவை. தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டம் வழங்கும் மாதம் ரூ.1,000 உதவித்தொகை ஐ.டி.ஐ. மாணவியருக்கும் உரியது என்பதை மலைப்பகுதிப் பள்ளிகள் பத்தாம் வகுப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும், மாணவியருக்குத் தனி விடுதி அமையும்வரை பெண்களின் சேர்க்கைக் குறைவை அவர்களின் ஆர்வமின்மையாகக் கணக்கிடக் கூடாது என்றும் இவ்வமைப்பு கோருகிறது.