பற்று நோட்டை மூடி வைத்த கை

நம் தந்தையார் காலத்து மளிகைக் கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பற்று வரவு நோட்டு இருக்கும். எந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி, யார் வீட்டில் இந்த மாதம் எண்ணெய் குறைந்தது, யார் வீட்டில் சர்க்கரை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அதைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஆனால் வேறொரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தால், பெரியவர்கள் சட்டென்று நோட்டை மூடிவிடுவார்கள். பாக்கி கேட்பதாக இருந்தாலும் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். எந்தச் சட்டமும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அது வியாபார தர்மம்.

இன்று அந்த நோட்டு நம் சட்டைப் பையில் உள்ள செல்போனுக்குள் போய்விட்டது. வாடிக்கையாளரின் பெயர், எண், வீட்டு முகவரி, மாதச் சாமான் பட்டியல், பணம் அனுப்பியதற்கான படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. அதே போனில்தான் நம் பிள்ளைகளின் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. கடையும் வீடும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்ட நிலையில், அந்தப் பெட்டியை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் நம்மிடம் உள்ள குறையைச் சொல்லிவிடுவோம். விலைப்பட்டியல் அனுப்புவதற்காக வாடிக்கையாளர் அனைவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறோம். அவர்களைக் கேட்டுச் சேர்ப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். நம் சக வியாபாரி ஒருவரின் கடையில் இப்படித்தான் நடந்தது. குழுவிலிருந்து ஒரு பெண்ணின் எண்ணை எடுத்த யாரோ ஒருவன் இரவு நேரங்களில் அவரை அழைத்துத் தொல்லை கொடுத்தான். அந்த அம்மா கடைக்கு வந்து சண்டை போடவில்லை. “உங்களை நம்பித்தானே அண்ணாச்சி நம்பர் கொடுத்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் கடைப் படி ஏறவில்லை.

இரண்டாவது, பாக்கிக்காரர்களின் பெயரை ஸ்டேட்டஸில் போடுவது. பாக்கி வராமல் நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். மொத்தக் கடைக்காரர் தவணை கேட்கும்போது கை வெறுமையாக இருக்கும் வேதனையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் ஒருவரின் கடனை ஊர் பார்க்கப் போடுவதால் கடன் வசூலாவதில்லை. அவர் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்குவார். நமக்குப் பாக்கியும் போகும், ஆளும் போவார். பாக்கியைத் தனிச் செய்தியாக அவருக்கு மட்டும் அனுப்பலாம், நேரில் கேட்கலாம், கடனுக்கு ஓர் உச்ச வரம்பு வைக்கலாம்.

கண்காணிப்பு கேமராவில் பதிந்த படத்தைத் “திருடர்” என்று எழுதி முகநூலில் போடுவதும் இதே வகைதான். சந்தேகம் தவறாக இருந்துவிட்டால் அந்த மனிதருக்குப் போன மானத்தை நாம் எப்படித் திருப்பிக் கொடுப்போம்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி அவதூறு தண்டனைக்குரிய குற்றம். பதிவைக் காவல் நிலையத்தில் கொடுப்பதே முறை.

மூன்றாவது, நம் வீட்டைப் பற்றியது. குடும்பத்தோடு கோயிலுக்குப் புறப்பட்டதும் ரயிலிலிருந்தே படம் போடுகிறோம். வீடும் கடையும் பூட்டிக் கிடப்பதை நாமே ஊருக்குச் சொல்கிறோம். ஊர் திரும்பிய பிறகு போட்டால் படம் கெட்டுவிடாது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படம், புது வண்டியின் எண், ஆதார் அட்டை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பொருள் வாங்குபவரிடம் செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். நம் பெரியவர்கள் நோட்டை மூடி வைத்ததும் இதே எண்ணத்தில்தான்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. செலவு அதிகம் இல்லை. கடைக்குத் தனி எண்ணும், வீட்டுக்குத் தனி எண்ணும் வைத்துக்கொள்வோம். பெயர்ப் பலகையிலும் பில்லிலும் கடை எண் மட்டும் இருக்கட்டும். குழுவுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பிலுள்ள பிராட்காஸ்ட் லிஸ்ட்டைப் பயன்படுத்துவோம். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதால், விருப்பமில்லாதவருக்குத் தொல்லையும் இல்லை.

வாட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில், நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம், நம் படத்தை யார் பார்க்கலாம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற 6 இலக்கப் பூட்டைப் போட்டுவிடுவோம். போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை உறவினர் பெயரில் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை என்பதைக் கல்லாவில் இருக்கும் பையனுக்கும் சொல்லி வைப்போம். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

“பெரிய கடைகள் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு தினம் பத்து விளம்பரம் அனுப்புகிறார்களே, நமக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு?” என்று சிலர் கேட்கலாம். அவர்களோடு விலையில் நம்மால் எப்போதும் போட்டியிட முடிவதில்லை. அவர்களிடம் இல்லாத முதல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. தன் வீட்டு நிலையைத் தெருவில் யாரிடமும் சொல்லாதவர், நம்மிடம் சொல்லிக் கடன் கேட்கிறார். அந்த நம்பிக்கைதான் நம் முதல். அதை ஒரு ஸ்டேட்டஸுக்காகச் செலவழித்துவிட வேண்டாம்.

இன்று கடை அடைத்ததும் நம் போனைத் திறந்து, கேட்காமல் சேர்த்த குழுவைக் கலைப்பதிலிருந்து தொடங்குவோம்.