கப்பல் வருகிறது, கடல் நாட்கள் வருமா?

கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனத்துடன், கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் 2024 ஜூலையில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏறத்தாழ 90 மீட்டர் நீளமும், 6,000 மீட்டர் ஆழம் வரை ஆராயும் திறனும் கொண்ட புதிய பெருங்கடல் ஆய்வுக் கப்பலைச் சுமார் ரூ.840 கோடி செலவில் உள்நாட்டிலேயே கட்டுவதற்கான ஒப்பந்தம் அது. பல ஆண்டுகளாகக் கடல் அறிவியலாளர்கள் எதிர்பார்த்திருந்த செய்தி. மகிழத்தக்கதுதான்.

ஆனால், நீளம், எடை, வேகம், விலை என்று செய்திகளில் இடம்பெற்ற எண்களில் முக்கியமான எண் ஒன்று விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கப்பல் ஆண்டுக்கு எத்தனை நாட்கள் கடலில் இருக்கும்? அந்த நாட்கள் யாருக்கு, எந்தக் கேள்விக்காக ஒதுக்கப்படும்? ஆய்வுக் கப்பலின் உண்மையான மதிப்பு இந்த இரண்டு விடைகளில்தான் அடங்கியிருக்கிறது.

நம்முடைய கடந்தகாலமே இதற்குச் சான்று. 1966-இல் தொடங்கப்பட்ட தேசிய கடலியல் நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் ஆய்வுக் கப்பல் 'கவேஷனி'. தூர்வாரிய மண்ணைச் சுமப்பதற்கான மிதவைக் கலத்தை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது அது. அந்த எளிய கப்பல்தான் 1981 ஜனவரியில் ஆழ்கடல் தரையிலிருந்து மாங்கனீசு முடிச்சுகளை மேலே கொண்டுவந்தது. நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவை அடங்கிய அந்த உருண்டைகளின் பலனாகவே, 1987-இல் ஆழ்கடல் கனிம ஆய்வில் 'முன்னோடி முதலீட்டாளர்' என்ற தகுதி இந்தியாவுக்குக் கிடைத்தது. இன்று மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் நமக்கு ஆய்வு உரிமை இருப்பதன் தொடக்கமும் அதுவே. சாதாரணக் கப்பலும் தெளிவான கேள்வியும் சேர்ந்து சாதித்தது அது. சிறந்த கப்பல் இருந்தும் கேள்வியும் நாட்களும் இல்லையென்றால், துறைமுகத்தில் நின்று துருவேறும் காட்சிப் பொருளே மிஞ்சும்.

செயற்கைக்கோள்களும் தானியங்கி மிதவைகளும் வந்துவிட்ட காலத்தில் கப்பல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். செயற்கைக்கோள் காண்பது கடலின் மேற்பரப்பை. உலகக் கடல்களில் மிதக்கும் சுமார் 4,000 'ஆர்கோ' மிதவைகளில் பெரும்பாலானவை 2,000 மீட்டர் ஆழம் வரையிலான வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து அனுப்புகின்றன. அவற்றின் பயன் அளவிடற்கரியது. ஆனால், கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். அடித்தரையின் சேற்றை அள்ளவோ, அங்கே வாழும் உயிர்களைப் பிடித்துவரவோ, நீரில் கரைந்துள்ள நுண்ணளவு உலோகங்களை அளக்கவோ மிதவையால் இயலாது. உலகக் கடல்தரையில் நவீன முறையில் வரைபடமாக்கப்பட்டிருப்பது சுமார் 27 விழுக்காடுதான். மீதியை வரையவும் கப்பல்தான் வேண்டும். மிதவைகளைக் கொண்டுபோய் இறக்கவும் பெரும்பாலும் கப்பல்தான் வேண்டும்.

அப்படியானால், புதிய கப்பலிடம் அறிவியலாளர்கள் எதிர்பார்ப்பது என்ன?

முதலாவது, அமைதி. ஒளி ஊடுருவாத ஆழ்கடலில் ஒலியே கண். கடல்தரையை வரைவதும், மீன் கூட்டங்களைக் கணிப்பதும், நீரோட்டங்களை அளப்பதும் ஒலி அலைகளைக் கொண்டே நடக்கின்றன. கப்பலின் எந்திரமும் உந்துசுழலியும் எழுப்பும் இரைச்சல் அந்தக் கண்ணை மறைத்துவிடும், மீன்களையும் விரட்டிவிடும். அதனால்தான், ஆய்வுக் கப்பல்கள் நீருக்கடியில் எழுப்பக்கூடிய ஒலிக்கு 1995-இலேயே பன்னாட்டுக் கடல் ஆய்வு மன்றம் ஒரு வரையறையைப் பரிந்துரைத்தது. இரைச்சலைப் போலவே இன்னோர் எதிரி, காற்றுக்குமிழி. முன்புறம் அலையைக் கிழிக்கும்போது உருவாகும் குமிழிகள் அடிப்பகுதி வழியாக வழிந்து, அங்கே பொருத்தப்பட்டுள்ள ஒலிக்கருவிகளை மூடிக்கொள்கின்றன. இதைத் தவிர்க்க வேண்டிய இடம் வரைபட மேசை. எந்திரத்தை அதிர்வு தாங்கிகளின் மீது நிறுத்துவதும், கப்பலின் அடிவடிவத்தைத் தீர்மானிப்பதும் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை. கட்டி முடித்த பிறகு எவ்வளவு செலவழித்தாலும் இவற்றை முழுமையாகத் திருத்த முடியாது.

இரண்டாவது, தூய்மை. கடல்நீரில் கரைந்துள்ள இரும்பு, நுண்பாசிகளின் வளர்ச்சியையும் அதன் வழியாகக் கடல் உறிஞ்சும் கரியமில வாயுவின் அளவையும் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று. ஒரு லிட்டர் நீரில் அதன் அளவு, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளக்கப் போவதோ, முழுவதும் இரும்பாலான ஒரு கப்பல்! துருப்பிடித்த கம்பிவடம் ஒன்று போதும், அளவீடு முழுவதையும் கெடுத்துவிட. கப்பலிலிருந்து கலந்த மாசினாலேயே, பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட பழைய அளவீடுகள் பயனற்றுப் போயின என்பது கடல் வேதியியலின் வரலாறு. உலோகம் வெளித்தெரியாத வடம், தனிப்பட்ட பாரந்தூக்கி, தூசு வடிகட்டிய ஆய்வறை ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. அவை இல்லாமல் எடுக்கப்படும் எண்களுக்குப் பொருளே இல்லை.

மூன்றாவது, கொந்தளிக்கும் கடலில் நிலைத்து நின்று வேலை செய்யும் ஆற்றல். இந்தியாவைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. நமக்கு மிகவும் தேவையான தகவல், பிற மாலுமிகள் கரை ஒதுங்கும் பருவமழைக் காலத்தில்தான் கடலில் கிடைக்கிறது. 1999-இல் வங்காள விரிகுடாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 'சாகர் கன்யா'வும் கடற்படையின் 'சாகர்த்வனி'யும் நடத்திய பருவமழை ஆய்வும், 2016-இல் 'சிந்து சாதனா' கப்பலில் இந்திய, பிரிட்டன் அறிவியலாளர்கள் இணைந்து நடத்திய ஆய்வும் கடலுக்கும் மழைக்கும் இடையிலான உறவைப் புரியவைத்தன. ஆறுகள் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்து, அடியிலுள்ள நீர் மேலே கலப்பதைத் தடுக்கிறது; புயல் வலுப்பெறுவதில் அந்தப் போர்வைக்குப் பங்குண்டு. சென்னைக்கும் கடலூருக்கும் ஒடிசாவுக்கும் விடுக்கப்படும் புயல் எச்சரிக்கை துல்லியமாக வேண்டும் என்றால், அந்தக் கடலை அந்தப் பருவத்திலேயே அளந்தாக வேண்டும்.

கருவி ஒன்றை 4,000 மீட்டர் ஆழத்துக்கு விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறக்கி ஏற்றவே இரண்டேகால் மணி நேரம் ஆகும். நீர் மாதிரி எடுக்க இடையிடையே நிறுத்தினால், மூன்று மணி நேரத்தை எட்டிவிடும். அதுவரை அலையிலும் காற்றிலும் கப்பல் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

இனி, நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சென்னையிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு, நமக்கு உரிமையுள்ள மத்திய இந்தியப் பெருங்கடல் பகுதியை அடைய, மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். திரும்பி வர இன்னொரு வாரம். முப்பது நாள் பயணம் என்றால், ஆய்வுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதி. இதில் வானிலை சில நாட்களை எடுத்துக்கொள்ளும். பழுது சில நாட்களை எடுத்துக்கொள்ளும். எரிபொருளுக்குப் பணம் போதவில்லை என்று பயணத்தைச் சுருக்கினால், வெட்டப்படுவது போக்குவரத்து நாட்கள் அல்ல, ஆய்வு நாட்களே.

கடல் நாட்கள் குறைந்தால் விளைவது என்ன என்பதற்கு, இந்தியப் பெருங்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட அளவீட்டு மிதவைகளே சாட்சி. பருவமழையைக் கணிக்க உதவும் 'ராமா' மிதவைத் தொடரை இந்தியா, அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் சேர்ந்து அமைத்தன. இத்தகைய மிதவைகளைக் குறித்த இடைவெளியில் கப்பல் சென்று பழுதுபார்த்து மாற்ற வேண்டும். கப்பல் போகாத காலங்களில் மிதவைகள் மௌனமாயின. தகவல் தொடரில் இடைவெளிகள் விழுந்தன. கடந்துபோன நாளின் கடலை மறுபடி அளக்க எவராலும் முடியாது.

2021-இல் ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.4,077 கோடி மதிப்பில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்தின் பெரும் இலக்குகளுள் ஒன்று, கடல்தரைக் கனிமம். அதே ஆண்டில் சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், 'சாகர் நிதி' கப்பலிலிருந்து 'வராகா' என்னும் எந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் இறக்கி நடமாட வைத்தது. பெருமைக்குரிய சாதனை. ஆனால், அந்தத் தரையைக் கிளறினால் அங்குள்ள உயிர்கள் மீளுமா என்ற கேள்வியும் அதே கப்பல்களிடம்தான் கேட்கப்பட வேண்டும். 1989-இல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடல் தரையை அறிவியலாளர்கள் சோதனைக்காக உழுதனர். 26 ஆண்டுகள் கழித்து, 2015-இல் சென்று பார்த்தபோதும் உழுத தடங்கள் அப்படியே இருந்தன. நாமும் 1997-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் அத்தகைய சோதனை ஒன்றைச் செய்தோம். இவற்றின் பலன், மீண்டும் மீண்டும் அதே இடத்துக்குச் சென்று பார்ப்பதில் இருக்கிறது. புதிய கப்பலின் நாட்கள் கனிமத் தேடலுக்கே போய்விட்டால், தோண்டலாமா என்ற முடிவை அறியாமையின் மீது நின்று எடுக்க நேரிடும்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன? அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் இயக்கும் ஆய்வுக் கப்பல்களின் பயணங்கள் ஒரே கூட்டமைப்பின் வழியாகத் திட்டமிடப்படுகின்றன. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் கப்பல் நாட்களைப் பணமின்றிப் பண்டமாற்றுபோலப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு நாட்டின் கப்பல் தென்கடலில் இருக்கும்போது இன்னொரு நாட்டின் ஆய்வாளர் அதில் ஏறுகிறார். கப்பல் வீணே கடல் கடக்கும் நாட்கள் மிச்சமாகின்றன.

என்னுடைய கோரிக்கைகள் எளியவை. புதிய கப்பலின் ஆண்டு இயக்கச் செலவுக்குக் கட்டுமானச் செலவைப் போலவே உறுதியான ஒதுக்கீடு வேண்டும். பயண அட்டவணை மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வெளியிடப்பட வேண்டும். குறிப்பிட்ட பங்கு நாட்கள், அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்த போட்டியின் மூலம் வழங்கப்பட வேண்டும். பெண் ஆய்வாளர்கள் தயக்கமின்றி ஏறுவதற்கான தங்குமிட வசதி வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கருவிகளை இயக்கத் தெரிந்த தொழில்நுட்பர்களுக்கு, பயணத்துக்குப் பயணம் மாறும் ஒப்பந்தப் பணியாக அல்லாமல், நிலையான பணி வேண்டும். திரட்டிய தகவல்கள் குறித்த காலத்துக்குப் பின் அனைவருக்கும் கிடைக்க வேண்டும். ஆண்டு முடிவில், எத்தனை நாட்கள் கடலில் கழிந்தன, எத்தனை நாட்கள் துறைமுகத்தில் கழிந்தன என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

1983-இல் பணியைத் தொடங்கிய 'சாகர் கன்யா' நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. புதிய கப்பலும் அவ்வளவு காலம் உழைக்கக்கூடும். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்தான் அதன் மேல்தளத்தில் நின்று வேலை செய்யப் போகிறார்கள். அவர்களுக்கு எத்தனை கடல் நாட்கள் கிடைக்கும் என்பதை, கப்பல் கட்டுமானத் தளத்தில் இருக்கும் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.