கேட்டீங்களே, என்ன பண்ணீங்க?

வானொலியில் நான் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் எது என்று என் தயாரிப்பாளரைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார். "நீங்க என்ன நினைக்கிறீங்க? உடனே கூப்பிடுங்க!" காலை ஏழு மணிக்கு ஒருமுறை, எட்டு மணிச் செய்தி முடிந்ததும் ஒருமுறை, யாருமே கூப்பிடாவிட்டால் நடுவில் இன்னும் இரண்டு முறை. பத்து ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது உண்மையிலேயே நான் எதையாவது கேட்கிறேனா என்று யோசித்ததில்லை.

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

பிரியாணி வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "குரலை வெச்சே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். எழுபது வயதைத் தாண்டியிருப்பார். இப்படி யாராவது சொன்னால் சிரிப்பதற்கென்று ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். அதைச் சிரித்தேன். அவர் அதோடு விடவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, உங்க பேட்டையில என்ன சத்தம் தொந்தரவா இருக்குன்னு கேட்டீங்க. நான் கூப்பிட்டேன். விமானச் சத்தம்னு சொல்லி, நோட்டுல எழுதி வெச்சிருந்த கணக்கையும் சொன்னேன். அதை என்னம்மா பண்ணீங்க?"

எனக்கு நினைவிருந்தது. எத்தனை மணிக்கு எத்தனை விமானம் தாழப் பறந்தது, பேத்தி எத்தனை முறை தூக்கத்திலிருந்து எழுந்தாள் என்று தேதி வாரியாகப் படிக்கத் தொடங்கினார். நாற்பது வினாடிகளில் "அருமையான தகவல் ஐயா" என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். ஒன்றும் பண்ணவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நான் அவரிடம் சொன்னது, "தயிர்ப் பச்சடி போட்டுக்கிட்டீங்களா ஐயா?"

அன்று இரவு எம்ஆர்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. கருத்து கேட்பது நான் மட்டும் அல்லவே. அரசாங்கங்களும் கேட்கின்றன. கேட்ட பிறகு அவை என்ன செய்கின்றன?

ஊடகம் படித்த காலத்தில் ஒரு பாடத்துக்காக அமெரிக்காவின் அரசிதழைப் புரட்டியிருக்கிறேன். ஃபெடரல் ரெஜிஸ்டர் என்று பெயர். 1936இல் தொடங்கி ஒவ்வொரு வேலை நாளும் வெளிவருகிறது. தூக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து என்று அப்போது கேலி செய்தோம். இந்தமுறை மறுபடி புரட்டியபோது, பாதிப் பக்கங்களில் நான் காலையில் சொல்லும் வாக்கியமே இருப்பது தெரிந்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், இத்தனாம் தேதிக்குள் எழுதுங்கள்.

அதில் நம் சிங்கப்பூரும் வரும். 2003இல் அமெரிக்காவும் சிங்கப்பூரும் தடையற்ற வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதையொட்டி அதே ஆண்டு ஜூன் மாதம் சுற்றுச்சூழல் ஒத்துழைப்புக்கும் தனியாக ஓர் ஆவணத்தில் கையெழுத்தாயிற்று. அதன்கீழ் இரு நாடுகளும் சேர்ந்து என்ன வேலைகள் செய்யலாம் என்று திட்டம் போடும்போது, அமெரிக்க வெளியுறவு அமைச்சு இந்த அரசிதழில் பொதுமக்களின் யோசனையைக் கேட்கிறது. இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிக்கிற விஷயத்தில் யாரோ ஒரு பள்ளி ஆசிரியரையும் 'உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?' என்று கேட்கிறார்கள்.

இன்னொரு வகை அறிவிப்பு எனக்கு அதைவிடப் பிடித்தது. அமெரிக்காவில் 1980இல் ஒரு சட்டம் வந்தது. காகித வேலையைக் குறைக்கும் சட்டம் என்று சொல்லலாம். ஓர் அரசாங்க அமைப்பு பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமானால், 'இந்தக் கேள்விகளைக் கேட்கலாமா?' என்று முதலில் பொதுமக்களிடம் கேட்க வேண்டும். முதலில் 60 நாள் அவகாசம், பிறகு 30 நாள். படிவத்தை நிரப்ப ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு தப்பு என்று தோன்றினால் அதையும் எழுதி அனுப்பலாம். அனுமதி கிடைத்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது, மறுபடி கேட்க வேண்டும். விமானிகள், விமான நிறுவனங்கள், விமான நிலையங்கள் நிரப்பும் படிவங்களெல்லாம் இப்படித்தான் வரிசையாக அரசிதழில் வந்து நிற்கின்றன. எங்கள் நிலையத்தின் விடுப்புப் படிவத்துக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தால் தேவலை.

அந்தப் படிவங்களில் ஒன்று பறவைகளைப் பற்றியது. பறக்கும் விமானத்தில் பறவை மோதினால் விமானியோ விமான நிலைய ஊழியரோ நிரப்புவது. எந்த உயரத்தில் மோதியது, எந்தப் பாகத்தில், என்ன சேதம் என்றெல்லாம் கேட்கும். எந்தப் பறவை என்று தெரியாவிட்டால் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் இறகையோ சதைத் துணுக்கையோ வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். இறகைப் பார்த்தே பறவையின் பெயரைச் சொல்ல அங்கே ஒரு தனி ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தத் தகவல்களை 1990 முதல் சேர்த்து வருகிறார்கள்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் விமானம் வாத்துக் கூட்டத்தில் மோதி, இரண்டு இயந்திரங்களும் செயலிழந்து ஹட்சன் ஆற்றில் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். 155 பேரும் உயிர் தப்பினார்கள். டாம் ஹாங்ஸ் நடித்த படத்தைப் பார்த்திருந்தால் கதை தெரியும். ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் அந்த இறகுகளைச் சோதித்து, அவை கனடா வாத்துகள், அதுவும் நியூயார்க்கிலேயே தங்கி வாழ்பவையல்ல, தொலைவிலிருந்து வலசை வந்தவை என்றும் கண்டுபிடித்தார்கள். உள்ளூர் வாத்துகளை மட்டும் விரட்டினால் போதாது என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

படத்தில் வராத கதை அதற்குப் பிறகு நடந்தது. விபத்துக்குப் பிறகு செய்தியாளர்கள், எந்த விமான நிலையத்தில் எத்தனை மோதல்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குக் கவலை வந்துவிட்டது. தகவல் தருவதோ விருப்பத்தைப் பொறுத்தது. எண்ணிக்கை வெளியே தெரிந்தால் 'இங்கே அதிகம், அங்கே குறைவு' என்று மக்கள் ஒப்பிடுவார்கள், அதற்குப் பயந்து விமான நிலையங்கள் தகவல் தருவதையே நிறுத்திவிடும் என்று நினைத்தது. அந்த வாதத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மார்ச் மாதம் அந்த நிர்வாகம், இந்தத் தகவல்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி பாதுகாக்கப் போகிறோம் என்று அரசிதழில் முன்மொழிந்தது. முன்மொழிந்தால் கருத்தும் கேட்டாக வேண்டுமே. கேட்டது.

மிகப் பெரும்பாலானவர்கள் கூடாது என்று எழுதினார்கள். ஏப்ரல் மாதம் முடிவதற்குள் போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட் அந்த முன்மொழிவைக் கைவிடச் செய்தார். மூடப் பார்த்த தகவல் முழுவதும் திறந்துவிடப்பட்டது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எந்த ஊரில் எந்தப் பறவை மோதியது என்று தேடிப் பார்க்கலாம்.

அதே நிர்வாகம் சத்தத்தைப் பற்றியும் கேட்டது. விமானச் சத்தம் மக்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதற்கு 1978இல் வெளிவந்த ஒரு கணக்கைத்தான் அமெரிக்கா நம்பியிருந்தது. பகலையும் இரவையும் சேர்த்துப் போடும் சராசரி அளவு 65 டெசிபல் என்றால், நூற்றில் சுமார் 12 பேருக்குத்தான் கடுமையான தொந்தரவு என்று அந்தக் கணக்கு சொன்னது. பிறகு 20 விமான நிலையங்களைச் சுற்றி வாழும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரிடம் புதிதாகக் கேட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அதே 65 டெசிபலில் கடும் தொந்தரவு என்றவர்கள் நூற்றில் 60 பேருக்கும் மேல். முடிவை வெளியிட்டு, அதன்மீதும் கருத்து கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள்.

12 எங்கே, 60 எங்கே? நடுவில் நாற்பது ஆண்டுகள். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவைப் பார் என்று உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம். இங்கேயும் கேட்கிறார்கள், கேட்டதில் மாற்றமும் நடந்திருக்கிறது. 2013 ஜூன் மாதப் புகைமூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. எதிர் புளோக் தெரியவில்லை. புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002இலேயே உடன்பாடு செய்திருந்தன. ஆனால் இந்தோனீசியா அதை ஏற்க 2014 வரை ஆனது. அதே 2014இன் தொடக்கத்தில் நம் அரசாங்கம் எல்லை தாண்டிய புகைக்கு நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்ட வரைவை வெளியிட்டு ஒரு மாதம் கருத்து கேட்டது. வரைவில் இருந்த அபராதம் 300,000 வெள்ளி வரை. பெரிய தோட்ட நிறுவனங்களுக்கு இது ஒரு தொகையா என்று பலர் எழுதினார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அபராதம் நாளுக்கு 100,000 வெள்ளி, உச்சவரம்பு 2 மில்லியன் வெள்ளி என்று ஆகியிருந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது என்பதும் உண்மை. குறுக்குத் தீவு ரயில் பாதை நீர்ப்பிடிப்புக் காட்டின் அடியில் போக வேண்டாம், சுற்றிப் போகட்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார்கள். 2019இல் அடியில்தான் போகும் என்று முடிவானது. ஆனால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில். அவர்களுக்கு அது வெற்றியா தோல்வியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இவற்றிலெல்லாம் எழுதியவர்களில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? என் நிகழ்ச்சிக்குப் புகைமூட்டத்தின்போது தொலைபேசி ஓயவில்லை. குழந்தைக்கு இருமல், துணி காயப்போட முடியவில்லை, முகக்கவசம் கிடைக்கவில்லை என்று அத்தனை பேர் பேசினார்கள். அடுத்த ஆண்டு சட்டத்துக்குக் கருத்து கேட்டபோது, 'இங்கே எழுதினால் கணக்கில் சேரும்' என்று நான் ஒருநாள்கூட ஒலிபரப்பில் சொல்லவில்லை. பேசியவர்கள் பேச்சு காற்றோடு போயிற்று. அந்தத் தப்பு என்னுடையது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், அந்த வாரம் நேயர்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். முதல் வாரம் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டேன். தயாரிப்பாளர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கல்யாண வீட்டாரிடம் எண் வாங்கி, பெரியவரைத் தேடிப் போனேன். வீவக வீட்டின் வரவேற்பறையில் மூன்று 555 நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் அதே சின்ன நோட்டு. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவராம், கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தார். தேதி, நேரம், எத்தனை முறை, ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா, பேத்தி எழுந்தாளா. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். மொத்தம் 212 பதிவுகள்.

பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த நவம்பர் மாசத்துக் கணக்கு ஒண்ணு இருக்கு பாரும்மா, ராத்திரி பத்தே காலுக்கு. அன்னிக்கு நல்ல மழை. அது விமானமா இடியான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. அதை எடுத்துடு."

எடுத்துவிட்டு, 211 என்று திருத்தி அனுப்பினோம்.